ஓடும் மூன்று பெண்கள்

ஒக். 14, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். போட்டோ பிரின்ட் பன்னிரண்டும் வந்துவிட்டன. சனிக்கிழமை நுவரெலியாவில் கண்காட்சி. ஐம்பத்திரண்டு வயதில் முதலாவது. போன தடவை 'கலண்டர் படம்' என்று தள்ளியவன் மூர்த்தி, கூடப் படித்தவன், ஏற்பாட்டாளன். இம்முறை அழைப்பிதழிலேயே என் படம். தீபாவளி மலிவு விற்பனை, ஹட்டன் கடைவீதி, துணிக்கடைப் பைகளோடு ஓடும் மூன்று பெண்கள். ஷட்டரை மெதுவாக்கி எடுத்தது. முகமும் உடம்பும் கரைந்து, பைகள் மட்டும் பளிச்சென்று. தலைப்பு 'பசி'. வாங்கும் வெறி உடம்பை இழுப்பது பற்றிக் கீழே நாலு வரி. நல்ல வரிகள்.
வாங்க: இருமல் மருந்து, குடை.

ஒக். 15, புதன்
பள்ளி விட்டதும் வாசலில் லெச்சுமி. அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுப்பவள். மகள் என் வகுப்பு. படத்தில் நடுவில் ஓடுவது லெச்சுமிதானாம். ஸ்வெட்டரை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். தோட்டத்து லய வீடுகளில் எல்லா போனிலும் அழைப்பிதழ். 'பசி வருது, வழி விடுங்க' என்று மலையில் கேலி. மகளையும் வகுப்பில் அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். நான் கவனிக்கவில்லை.
"நாங்க சீலைக்கு ஓடலைங்க சேர். கடைசி பஸ்ஸுக்கு ஓடுனோம். அத விட்டா வீட்டுக்கு எப்புடிப் போறது?"
படத்தை எடுத்துவிடச் சொன்னாள். பார்க்கலாம் என்றேன்.

ஒக். 16, வியாழன்
வெட்டாத படத்தைத் திறந்து பார்த்தேன். வலது ஓரத்தில் பஸ்ஸின் மிதிபலகை. தொங்கியபடி கையசைக்கும் கொண்டக்டர். வெட்டியது நான். வெட்டும்போது கவனித்தேனா? கவனித்தேன். இடைஞ்சலாக இருந்தது.
மூர்த்திக்கு போன். அது இல்லையென்றால் மற்றப் பதினொன்றும் வேண்டாம் என்றான். சிரித்த மாதிரி இருந்தது.

ஒக். 17, வெள்ளி
மாட்டியாயிற்று. பன்னிரண்டும். சாய்கிறதா என்று நாலு முறை பார்த்தேன். நாளை தோட்டத்தில் வேலை நாள். அவள் வரமாட்டாள்.

ஒக். 18, சனி
வந்தாள். மற்ற இருவரும் கூட. படத்துக்கு முன்னால் அசையாமல் நின்றார்கள். நான் தேநீர் மேசைப் பக்கம் ஒதுங்கினேன். கொழும்பு விருந்தினர் ஒருவர் ஸ்வெட்டரைப் பார்த்து அவர்களை அடையாளம் கண்டு, போனை நீட்டி, அதே மாதிரி ஒருமுறை ஓடிக்காட்டச் சொன்னார். மூர்த்தி கூட்டத்தை விலக்கி இடம் செய்தான்.
லெச்சுமி மெதுவாகத்தான் சொன்னாள்: "பஸ் வந்தா ஓடுறோம்ங்க."
யாரும் சிரிக்கவில்லை. விருந்தினர் போனை இறக்கவும் இல்லை.
போய்ப் படத்தைக் கழற்றினேன். மற்றப் பதினொன்றும் போகும் என்று மூர்த்தி காதோரம் சொன்னான். அடுத்ததைக் கழற்றினேன்.