மூன்றாவது பாட்டில் அண்ணன் பேர்

பரந்தன்,
12.02.1986

அன்புள்ள தம்பி ஆண்டியப்பனுக்கு,

மதினி பேச்சியம்மா எழுதுவது. நானும் பிள்ளை ஞானேஸ்வரியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் உன் பாட்டுக் கோஷ்டிப் பையன்களும் சுகமாக இருக்க மாரியம்மாவைக் கும்பிடுகிறேன்.

தப்பு மேளத்தைக் காய்ச்ச அங்கே வைக்கோல் கிடையாது, தலைமுடி காயவைக்கிற மெஷினைப் பிடித்துத்தான் சூடேற்றுகிறேன் என்று எழுதியிருந்தாய். வயிறு நோகச் சிரித்தேன். உன் அண்ணன் அடித்த தப்பு அது. அவர் பார்த்திருந்தால் மெஷினைப் பிடுங்கி உன் தலையிலேயே போட்டிருப்பார்.

போன வெள்ளிக்கிழமை, உங்கள் கோஷ்டியில் கிட்டார் வாசிக்கிற செல்வநாயகத்தின் தங்கச்சி விமலேஸ்வரி, நீங்கள் மேடையில் பாடிய கசெட்டைக் கொண்டுவந்தா. எழுபத்தேழு கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு நம்மோடு வந்த சனம் முழுக்க முற்றத்தில் கூடிவிட்டது. முதல் பாட்டு கும்மி. கிட்டாரும் தப்பும் சேர்ந்து ஒலிக்க, ராக்காயி அக்கா எழும்பி ஆடியே விட்டா. வெள்ளைக்காரர் கைதட்டுகிற சத்தம் கேட்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாடுகிறது என் கொழுந்தன் என்று தெரிந்தவங்களுக்கே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

மூன்றாவது பாட்டு ஒப்பாரி. நான் சொல்லித் தந்ததுதான். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக்கூடாது என்று உன்னை வயல் வரம்புக்குக் கூட்டிப்போய்ப் பாடிக் காட்டினேன். நாலு அடிக்கு ஒருதரம் செத்தவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற இடத்தில் வடிவம்மா என்று உன் அம்மா பேரைத்தான் பாடவேண்டும், வேறு பேர் போடாதே என்று படித்துப் படித்துச் சொன்னேனே. நீ அந்த இடத்தில் சங்கிலி, சங்கிலி என்று உன் அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறாய். அட பாவி, எப்படியடா மனசு வந்தது?

பாட்டு முடியவில்லை, ராக்காயி அக்கா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கிவிட்டா. மற்றப் பொம்பிளைகளும் சுற்றி உட்கார்ந்தார்கள். கையைத் தட்டிவிட்டு எழும்பி, என் புருஷன் செத்தாரென்று உங்களுக்கு யார் சொன்னது, எல்லாரும் வீட்டுக்குப் போங்க என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக் கமலாட்சி, மகள் பெரியவளான சடங்குக்கு ஆலாத்தி எடுக்க என்னைத்தான் கேட்டிருந்தா. நேற்று வந்து, வேறு ஆள் பார்த்தாச்சு, மனசில் வைக்காதே என்றா. என் நெற்றிப் பொட்டைப் பார்க்காமலே கதைத்துவிட்டுப் போனா. பிள்ளை என் தாலியைப் பிடித்துக்கொண்டு, அப்பா செத்துட்டாரா என்று கேட்கிறாள். சித்தப்பா பாட்டுக்காகச் சொன்னார் என்றேன்.

பாட்டுக்காகத்தானே தம்பி?

வவுனியாவுக்குப் போன பஸ்ஸிலிருந்து ஆர்மி அவரை இறக்கிக்கொண்டு போய் ஒரு வருஷமும் மூன்று மாசமும் ஆகிறது. நான் போய் நிற்காத காம்ப் இல்லை. நீ பயணம் போக முன்னம் கொழும்பில் நின்றபோது, அண்ணனோடு ஒரே இடத்தில் அடைபட்டிருந்து வெளியே வந்த ஒருவரைப் பார்க்கப் போகிறேன் என்று எழுதினாய். பார்த்தாயா இல்லையா என்று பிறகு எழுதவே இல்லை. முந்தியெல்லாம் அண்ணனைப் பற்றி ஏதும் தெரிந்ததா என்றுதான் கடிதத்தையே தொடங்குவாய். அந்தக் கொழும்புக் கடிதத்துக்குப் பிறகு வந்த நாலு கடிதத்திலும் அந்தக் கேள்வி இல்லை. நேற்று எல்லாவற்றையும் பாயில் பரப்பி வைத்துத் திரும்ப வாசித்தேன்.

சனம் அழவேண்டும் என்று போட்ட பேரென்றால், எடுத்துவிடு. உன்னை ஒரு வார்த்தை ஏசமாட்டேன். தெரிந்துதான் போட்டாய் என்றால், ஊர் பேர் தெரியாதவங்களுக்குப் பாடினதை எனக்கு ஒரு வரி எழுது. அவருக்கு ஒப்பாரி வைக்க வேண்டியவள் நான். எனக்கு முந்தி நீ அழுதுவிட்டாயோ தம்பி?

நீ நல்லா இருக்கவேண்டும். தொண்டையைக் கவனி, சுடுதண்ணி குடி. உன் பதில் வரும்வரைக்கும் காலையில் எழும்பி, முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டுதான் இருப்பேன்.

இப்படிக்கு,
சங்கிலி பெண்சாதி
பேச்சியம்மா