காது இன்னும் கழுத்தில்

ஜூலை 31

காலையிலிருந்தே காற்று. ஆடிக் காற்றுக்கு இந்த ஸ்ரீரங்கத்தின் மீது என்ன கோபமோ. பின்கட்டுப் பட்டறையில் களிமண் ஓரமெல்லாம் வெடிக்கிறது. ஈரத்துணி போட்டு மூடி, மேலே தாம்பாளம் கவிழ்த்தேன். தசாவதார செட்டில் மூன்று அவதாரம் பாக்கி. கொலு ஆர்டர் இடுப்பை ஒடிக்கிறது. நடுவில் கோமதி மேடத்தின் வேலை வேறு.

மேடம் காலேஜில் விலங்கியல் எடுக்கிறவர். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். போன வருடம் பொம்மை வாங்க வந்தவர் இந்த வருடம் வேறு ஆர்டரோடு வந்தார். "அக்கா, கருவோட தலை நாலு செஞ்சு குடுங்க. கண்ணும் காதும் எப்படி உண்டாகுதுன்னு பசங்க தொட்டுப் பார்க்கணும்." நிஜத்தில் பயறு அளவு, நான் தேங்காய் அளவுக்குப் பெருக்க வேண்டும். அவர் கொடுத்த சார்ட் சுவரில். ஒவ்வொரு படத்தின் கீழும் எத்தனையாவது வாரம், எத்தனை மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது.

எனக்குள்ளும் ஒன்று இருக்கிறது. இதில் எழுதலாம், யார் படிக்கப் போகிறார்கள். இவருக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும். மூன்று மாதம் தாண்டும்வரை மூச்சு விடுவதில்லை என்று முடிவு. போன தடவை ஊரெல்லாம் சொன்னோம். பிறகு ஊரெல்லாம் வந்து ஆறுதல் சொன்னது. போதும்.

ஆகஸ்ட் 1

வெயில். முதல் தலை முடிந்தது. நாலாம் வாரம்.

கண்ணை வெளியிலிருந்து பதிப்பதாகத்தான் இத்தனை நாள் நினைப்பு. அப்படி இல்லையாம். மூளையே இரண்டு பக்கமும் மொட்டு மாதிரிப் புடைத்து வெளியே வருகிறது. மேலே இருக்கும் தோல் அதைப் பார்த்துவிட்டு உள்ளே குழிகிறது. அந்தக் குழிவுதான் பிறகு கண்ணின் லென்ஸ். நாங்கள் பொம்மைக்குக் கண்ணைக் கடைசியில்தான் திறப்போம், மூக்குத்தி, உதட்டுச் சிவப்பு எல்லாம் முடிந்து, குளித்துவிட்டு வந்து. இங்கே மூக்கே வரவில்லை, அதற்குள் கண்ணுக்கு என்ன அவசரம்!

காது இன்னும் வேடிக்கை. தோலில் இரண்டு பக்கமும் சின்னப் பள்ளம். கொழுக்கட்டைக்குக் குழி பண்ணி வாயை மூடுகிற மாதிரி மூடிக்கொண்டு உள்ளே போய்விடுகிறது. அதுதான் உள்காது. வெளியே தெரிகிற மடல் பிறகுதான்.

வாங்க வேண்டியவை: உப்புத்தாள், பழைய பேப்பர், இஞ்சி (குமட்டலுக்கு), இவர் பனியன்.

ஆகஸ்ட் 2

இரண்டாவது தலை, ஆறாம் வாரம். போட்டோ அனுப்பினேன். மேடம் உடனே போன். "அக்கா, காதை ஏன் மேல தூக்கிட்டீங்க? அது இப்ப கழுத்துலல்ல இருக்கும்!" சார்ட்டைப் பார்த்தால் ஆமாம், கழுத்தில்தான். கை தானாகக் கண்ணுக்கு நேரே வைத்திருக்கிறது. எத்தனை லட்சுமி, எத்தனை செட்டியார் பொம்மை செய்த கை, அது பாட்டுக்குப் போய்விட்டது. அறுத்து எடுத்துக் கீழே வைத்தேன். ஒரு பள்ளம், இந்தப் பக்கம் மூன்று மேடு, அந்தப் பக்கம் மூன்று மேடு. அந்த ஆறும் ஒன்று கூடினால் காது மடல். தாடை வளர வளரக் காது மேலே ஏறிவிடுமாம். கண்கள் பக்கவாட்டிலிருந்து முன்னால் வருமாம். எல்லாரும் இடம் மாறித்தான் இடத்துக்கு வருகிறார்கள்.

இவர் கைலாசபுரத்தில் பாய்லர் தொழிற்சாலையில் ஃபிட்டர். சத்தத்திலேயே இருப்பதால் வீட்டிலும் சத்தமாகத்தான் பேச்சு. வேலை முடிந்து வந்ததும் என் வயிற்றைப் பார்த்து "என்னடா தங்கம், சாப்டியா?" என்று ஒரு கத்தல். தெருவுக்கே கேட்டிருக்கும்.

"ஏங்க, அதுக்கு இன்னும் கேக்காது. காது இப்பதான் கழுத்துல இருக்கு."

"அப்ப கழுத்துக்கிட்ட பேசுறேன். கழுத்து எந்தப் பக்கம் இருக்கு, சொல்லு."

சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப் பயந்துபோய் உட்கார்ந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபம் ரோட்டில் கால் வைக்க இடமில்லை. நான் போகவில்லை. இவர் மட்டும் போய் மஞ்சள் கயிறு வாங்கிவந்து கட்டிவிட்டார். கூடவே மணப்பாறை முறுக்கு ஒரு பாக்கெட். எனக்கு என்றுதான் வாங்கினாராம். முக்கால்வாசி யார் தின்றது?

மூன்றாவது தலையும் முடிந்தது.

ஆகஸ்ட் 5

தில்லைநகரில் ஸ்கேன். காலை முழுக்கக் காத்திருப்பு. டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். "இதோ துடிக்குது பாருங்க. எட்டு வாரம். நல்லா இருக்கு, போயிட்டு வாங்க." அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டாகிவிட்டது. இவர் ரிப்போர்ட்டை பஸ்ஸில் பொக்கிஷம் மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். காவிரிப் பாலத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து சீட்டு அம்மா பார்த்தாள். பார்க்கட்டும்.

மதியம் நாலாவது தலை ஆரம்பித்தேன். இவர் பட்டறைக்கே டீ கொண்டு வந்து கொடுத்தார். எட்டாம் வாரம். நம்முடையதும் எட்டுத்தானே என்று ஆசையாகச் சார்ட்டைப் பார்த்தேன். முப்பது மில்லிமீட்டர் என்று இருந்தது. ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். பதினாறு.

பாதிதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 6

காற்று. வேலை ஓடவில்லை. இமை வர வேண்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது. "துடிப்பு இருக்கு, வளர்ச்சிதான் கொஞ்சம் கம்மி" என்றார்கள். அடுத்த ஸ்கேனில் துடிப்பு இல்லை. இந்த டாக்டரம்மா அவசரத்தில் கவனிக்கவில்லையோ? போய்க் கேட்கலாம். கேட்டால் சொல்லிவிடுவார்களே.

இவரிடம் சொல்லவில்லை. பஸ்ஸில் அந்த முகத்தைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது? அவரும் அலுப்பாக வந்தார். டபுள் ஷிஃப்ட்டாம். வயிற்றோடு பேசவில்லை. நல்லதாகப் போயிற்று, பேசியிருந்தால் அங்கேயே உடைந்திருப்பேன். ரசத்தில் உப்பு போடவில்லை. ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

பயமாக இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 7

தூறல். மேடம் வேலை எப்படிப் போகிறது என்று பார்க்க வந்தார். காபி கொடுத்தேன். மூன்று தலைகளையும் மடியில் வாங்கி வாங்கிப் பார்த்தார். நாலாவது அரைகுறையாக நிற்பதைப் பார்த்து, "இது ஏன்க்கா அப்படியே இருக்கு?" என்றார்.

பொம்மையைப் பற்றிக் கேட்கிற மாதிரிதான் கேட்டேன். "எட்டாம் வாரம்னா முப்பது இருந்தே ஆகணுமா மேடம்? பதினாறு இருந்தா?"

"பதினாறுன்னா ஆறு வாரம்தான்க்கா. எட்டா இருக்க முடியாது."

தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தது தெரியவில்லை. மேடம் காபியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், என் மஞ்சள் கயிற்றைப் பார்த்தார், மறுபடி என் முகத்தைப் பார்த்தார். "அக்கா. எட்டு வாரம்னு சொன்னது யாரு? டாக்டரா?"

தலையை ஆட்டினேன்.

"ஐயோ அக்கா! டாக்டருங்க கடைசியா பீரியட்ஸ் வந்த நாள்லேருந்து எண்ணுவாங்க. எங்க சார்ட்டு கரு உண்டான நாள்லேருந்து எண்ணுது. ரெண்டு வாரம் வித்தியாசம். அவங்க எட்டுன்னா எங்களுக்கு ஆறு. பதினாறு மில்லிங்கிறது ஆறுக்கு அச்சு அசலா சரியான அளவு. நான்தான் இதை முதல்லயே சொல்லியிருக்கணும்."

இரண்டாவது தலையை எடுத்து என் மடியில் வைத்தார். "உங்களுது இன்னிக்கு இப்படித்தான் இருக்கும்." அவர் கண்ணிலும் தண்ணீர். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்க்கா, சத்தியமா" என்றார். நான் களிமண் கையோடு அவர் கையைப் பிடித்து, புடவையெல்லாம் பாழ்.

அவர் போனதும் அழுதேன். நாலாவது தலைக்கு இமை வைத்தேன், ஒரே மூச்சில்.

சாயங்காலம் இவர் வந்ததும் செருப்பைக் கழற்றக்கூட விடாமல் எல்லாம் சொன்னேன். சார்ட், முப்பது, பதினாறு, இரண்டு நாளாக நான் செத்துச் செத்துப் பிழைத்தது, மேடம் சொன்ன கணக்கு. சிரிப்பார் என்று பார்த்தேன். நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, அந்தக் கத்துகிற மனுஷன், எனக்கே கேட்காத குரலில்:

"நானும் பார்த்தேன்டி. ஸ்கேன் அன்னிக்கு உனக்கு டீ கொண்டு வந்தப்ப, சார்ட்டுல முப்பதுன்னு. பதினாறு எவ்வளவு, முப்பது எவ்வளவுன்னு ஸ்கேல் வச்சு அளந்துகூடப் பார்த்தேன். உனக்குத் தெரியாம இருக்கட்டும்னு இருந்தேன்."

டபுள் ஷிஃப்ட் இல்லையாம். நேற்றும் வேலை எப்போதும் போல்தான் முடிந்தது. வீட்டுக்கு வர முடியாமல் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தாராம்.