அவர் அடியில் அறுபது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன், நீ கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமா, உன் இருமல் நின்றதா. போனில் பேசினால் பாதியில் அழுகை வந்துவிடுகிறது, எழுதினால் கை அது பாட்டுக்குப் போகிறது. பிழை இருந்தால் சிரிக்காதே.

பட்டறைக்கு இரும்புக் கட்டடம் போடுவதை நிறுத்தி வை, நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாய். நிறுத்தவில்லை. அப்பா போய் நாலு மாதம் ஆகிறது, பழைய கொட்டகை இன்னொரு மழைக்குத் தாங்காது, நனைந்துகொண்டு லாரிக்குப் பாடி கட்ட முடியுமா. உன் சித்தப்பா வந்து, "அண்ணி, இரும்புல கட்டுனா வெயில்ல எல்லாரும் வறுபட்டுப் போயிடுவீங்க" என்றார். கூரைத் தகட்டுக்குக் கீழே சூடு தடுக்க மெத்தை மாதிரி ஒன்று விரிப்பார்கள் என்றேன். இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். கேட்டுத் தெரிந்துகொண்டேன், வேறென்ன.

போன வாரம் இன்ஜினீயர் தம்பி வரைபடத்தோடு வந்தார். அப்பா நோட்டில் எழுதி வைத்திருந்த அளவுதான், நீளம் அறுபது அடி. நான் கையெழுத்துப் போட்டுவிட்டால் தூணும் உத்திரமும் தொழிற்சாலையிலேயே வெட்டி ஓட்டை போட்டு வந்துவிடும், இங்கே போல்ட் முடுக்குவதுதான் பாக்கி, அப்புறம் ஓர் அங்குலம்கூட நீட்ட முடியாதாம். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினார். பார்த்ததும் எனக்கு மனசு ஒட்டவில்லை. இரண்டு லாரி வரிசையாக நின்றால் நடுவில் ஆள் நுழைய இடமில்லை, உங்கப்பா அப்படித் திட்டம் போடுகிற ஆளா. அவர் அளந்த அன்று நான் கூடத்தான் நின்றேன். உள்ளே போய் டேப் எடுத்துவரச் சோம்பல்பட்டு, ஒரு ஷூவின் நுனியில் மற்றதன் குதியை ஒட்டி வைத்து எண்ணிக்கொண்டே போனார். நான் பேச்சுக் கொடுத்ததில் எண்ணிக்கை தப்பிவிட்டது, என்னைத் திட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அதனால் சொன்னேன், "அறுபது அடிதான் தம்பி. ஆனா அது உங்க அடி இல்ல, அவரு அடி." அடின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானேம்மா என்று சிரித்தார். உங்கப்பா ஷூவை எடுத்துவந்தேன். இத்தனை நாள் அதை நான் தொடவில்லை. டேப் வைத்துப் பார்த்தால் பதின்மூன்று அங்குலம். கணக்குப் போட்டார், அறுபத்தைந்து அடி வந்தது. அகலத்தையும் அதே கணக்கில் மாற்றச் சொன்னேன். எல்லாம் நம் வேலிக்குள்தான் அடங்குகிறது. அந்தத் தம்பி அப்புறம் சிரிக்கவில்லை, கோட்டை அழித்துப் புதிதாகப் போட்டார். நான் வெல்டிங் மெஷினுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இன்று திருத்திய வரைபடம் வந்தது. கீழே உரிமையாளர் என்று ஒரு கட்டம். எப்போதும் உங்கப்பா கையெழுத்துப் போட்ட பிறகு சாட்சி இடத்தில்தான் நான் போடுவேன். இன்று அந்தக் கட்டத்திலேயே முழுப் பெயரும் எழுதினேன். நாளைக்கே தொழிற்சாலையில் வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள், இனி நீ வேண்டாமென்றாலும் நிற்காது.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். இருமலுக்கு டாக்டரைப் பார், தள்ளிப்போடாதே.

இப்படிக்கு,
பட்டறையிலிருந்து உன் அம்மா