உன் கிட்டாரின் எர்த் ஒயர்

என் அருமை மாப்பிள்ளைக்கு,

போன ஞாயிறு மதுக்கரை ஆலயத்தில் உன் மச்சானின் மானம் போய்விட்டது. என் மகள் மெர்சி பாட எழுந்ததும் அவளுக்கு முன்னால் மேடையேறி, மைக்கின் தலையில் டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. நம்பிக்கை வராமல் ஸ்டாண்டிலும் வைத்தேன். "அப்படியே உங்களுக்கும் வெச்சுப் பாத்துக்கோங்க" என்றார் பாஸ்டர். சபையே சிரித்தது. நானும் சிரித்தேன். டெஸ்டரைக் கையிலேயே வைத்துக்கொண்டு இறங்கினேன்.

கிணத்துக்கடவு மேடையில் ஒரு கையில் கிட்டாரும் மறு கையில் மைக்குமாக நீ ஷாக் அடித்து விழுந்து போய்ச் சேர்ந்து பதினொரு வருடமாகிறது. உன் அக்கா அந்தக் கிட்டாரைப் பீரோ மேல் ஏற்றி வைத்தாள். உன் மருமகள் மெர்சிக்கு இப்போது பதினாறு. கிறிஸ்துமஸுக்கு அதை வாசிப்பேன் என்று இறக்கிவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல உன் அக்காவுக்கே வாய் வரவில்லை. எனக்கு எப்படி வரும்?

வால்யூமைத் திருகினால் கரகரவென்றது. டோன் திருகு சும்மா சுற்றியது. "நீங்கதான் மோட்டாருக்குக் காயில் கட்டறவராச்சுங்களே, இத மாத்த முடியாதுங்களா?" என்றாள். துடியலூரில் முப்பது வருடமாக வைண்டிங் கட்டுகிறவன், முடியாது என்று எந்த முகத்தோடு சொல்வது?

டவுனில் ஸ்பேர் கடைக்குக் கிட்டாரோடு போனோம். "டோனுக்குக் கண்டன்சர் வேணுமுங்க பாய். நல்லாப் பெருசாக் குடுங்க" என்றேன். பாய் துவரம்பருப்பு அளவில் ஒன்றை என் கையில் வைத்தார்.

"இது கிட்டாருங்கண்ணா, போர்வெல் மோட்டாரு இல்லீங்க."

வால்யூம் திருகுக்கு 250 கே, 500 கே என்று எழுதிய இரண்டை எடுத்துப் போட்டார். ஐந்நூறை எடுத்தேன். எட்டாவது பெயிலானவனுக்குப் பெரிய நம்பர் என்றால் ஒரு மரியாதை. "தந்திச் சத்தத்தப் புடிக்கற ஒத்தக் காயில் பிக்கப்புக்கு அது காதக் கிழிச்சுப்போடும். எரநூத்தம்பதே போதுமுங்க" என்று பிடுங்கிக்கொண்டார். மெர்சி அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

பிறகு கிட்டாரின் மூடியைக் கழற்றினார். தந்திகள் மாட்டியிருக்கிற இரும்பிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் உள்ளே போய் வால்யூம் திருகின் முதுகில் பற்ற வைத்திருந்தது. எர்த் ஒயர். அதன் வழியாகத்தான் கரண்ட் உன் விரலுக்கு வந்திருக்கும், இல்லையா?

"இத எடுத்துப்போடுங்க பாய்."

"எடுத்தா ஈ மொய்க்கறாப்பல சத்தம் வருமுங்களே."

"வரட்டுமுங்க. புள்ள இருக்கணுமுங்க."

பாய் மெர்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அந்த ஒயருக்கு நடுவுல ஒரு ரெசிஸ்டரும், வோல்டேஜ் தாங்கற கண்டன்சர் ஒண்ணும் வெக்கலாமுங்க. கரண்ட் வந்தாலும் ஆளைக் கொல்ற அளவுக்கு உடாது. ஆனா ஆம்ப்ளிபயருக்கு எர்த் இல்லீன்னா எந்த ஸ்பேரை நம்பியும் புள்ளய மேடையேத்தாதீங்க."

தலையாட்டினேன். அவர் சால்டர் வைத்து முடிக்கும்வரை அந்த ஒயர் முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் மெர்சி கேட்டாள். "ஏனுங்கப்பா, அன்னிக்கு மாமாவோட ஆம்ப்ளிபயருக்கு எர்த் இருந்துச்சுங்களா?"

"கரண்டு விசயம் கண்ணு, யாருக்குத் தெரியும்" என்றேன். கரண்டிலேயே சோறு தின்கிறவன் சொன்ன பதிலைப் பார்த்தாயா? அவள் கிட்டாரைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

மாப்பிள்ளை, அவள் எங்கே வாசித்தாலும் பிளக்கையும் எர்த்தையும் பார்த்த பிறகுதான் தந்தியில் கை வைக்க விடுவேன். ஊரே சிரித்தாலும் சரி. இது உனக்குக் கொடுக்கிற வாக்கு.

அவளிடமும் உன் அக்காவிடமும் இதுவரை வாய்திறந்து சொல்லாதது ஒன்று இருக்கிறது. அன்றைக்கு மேடையில் இருந்தது இரண்டு ஓட்டை பிளக்பாயிண்ட். உன் ஆம்ப்ளிபயர் பிளக்கில் மூன்று பின். "நேரமாச்சுங்க மச்சான்" என்றாய். கட்டிங் பிளேயரால் அந்த எர்த் பின்னை வெட்டி எடுத்தது நான்தான்.

உன் அக்கா வீட்டுக்காரன்,
மச்சான்