வண்டிக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றார்கள்

தாயில்பட்டி
புதன்கிழமை

அன்புள்ள செழியனுக்கு,

சித்தி எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகம். லடாக் குளிர் உன்னை எப்படி வைத்திருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கால் விரல் மரத்துப் போவதாகச் சொன்னாயே அது தேவலையா என்று தெரிந்தால் மனம் ஆறும். வண்டியின் சுகத்தை நடுவில்தான் எழுதுவேன், அதைத் தேடிக் கண்ணைக் கீழே ஓட்டாமல் வரிசையாகப் படி. உன்னோடு வேலை பார்க்கும் சாலமன்ராஜ் லீவு முடிந்து நாளை சாத்தூரிலிருந்து கிளம்புகிறான், அவன் கையில் காராச்சேவும் பருப்புப்பொடியும் கொடுத்தனுப்புகிறேன், அந்தப் பைக்குள் இந்தக் கடிதமும் இருக்கும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ நினைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை உனக்கு சிக்னல் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் எனக்கு மிஞ்சுவது நல்லாருக்கீகளா, சாப்பிட்டீகளா என்கிற இரண்டு கேள்விதான். மற்ற நேரமெல்லாம் அந்த ஜீப்புக்கு. அப்பா போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய், பானட்டைத் திறந்து, இஞ்சின் பக்கத்தில் பிடிக்கிறார், நீ அங்கே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறாய். கேக்குதாலே, கேக்குதாலே என்று அவர் கத்துவது தெருமுனை வரை கேட்கிறது. நான் தோசைக்கரண்டியோடு கதவோரம் நின்று அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்ன கிழட்டு வண்டி, அதற்கு எத்தனை பேர் நலம் விசாரிக்கிறார்கள் என்று இருக்கும். பொறாமைதான், வேறு பேர் வைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

உன் அத்தை வேலுத்தாய்க்கு முட்டுவலி குறைந்திருக்கிறது, போன வாரம் வந்து ஒரு நாள் இருந்துவிட்டுப் போனார்கள். வந்தால் கிளம்பும்வரை உன் அம்மா கதைதான். இருக்கன்குடி ஆற்று மணலில் ஜீப் புதைந்தபோது ஆம்பளைகளெல்லாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, பொன்மணி மதினிதான் சேலையைச் சொருகிக்கொண்டு இறங்கி, முன் சக்கரத்து நடுவில் இருக்கிற பூட்டைத் திருப்பி, நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்து வண்டியை மேலே கொண்டுவந்தார்களாம். இந்த முறை கேட்டபோது ஆற்றில் தண்ணீரும் ஓடியது, போன முறை வெறும் மணல்தான். நான் காபி ஆற்றிக்கொண்டே கேட்டேன். இறந்துபோனவர்மேல் பொறாமைப்படுவது அழகில்லை என்று எனக்குத் தெரியும், புத்தகங்களில் அப்படிப்பட்ட பெண்களைப் படித்து நானே முகம் சுளித்திருக்கிறேன். ஆனால் அந்தப் புத்தகத்துப் பெண்கள் யாரும், புருஷனின் முதல் மனைவி பெயரைப் பின்னால் பெயிண்டில் எழுதிய வண்டியில் ஏறி தினமும் வேலையிலிருந்து வீடு திரும்பவில்லை. இதை நீ தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று நினைக்கிறேன். உன் அம்மாவிடம் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவர்களை எனக்கு முன்னால் நிறுத்தி அளக்கிறார்களே, அந்த அளவுகோல்தான் பிடிக்கவில்லை.

சரி, வண்டி. லோடு ஏற்றினால் இழுக்க மாட்டேன் என்கிறது என்பது வரை உனக்குத் தெரியும். ஆவணியில் ஆரம்பித்தது. பட்டாசுக் கம்பெனிகளுக்குக் காகிதக் குழாய் ஏற்றிக்கொண்டு வெம்பக்கோட்டைச் சாலை மேட்டுக்கு வந்தால் மூச்சு வாங்கும், மிதித்தால் கறுப்புப் புகை, சூட்டு முள் மேலே ஏறும், வேகம் மட்டும் வராது. நீ ஒவ்வொரு ஞாயிறும் ஒன்று சொன்னாய், அப்பாவும் திங்கட்கிழமையே அதைச் செய்தார். டீசல் பில்டர் மாற்றியாயிற்று, டேங்கை இறக்கிக் கழுவியாயிற்று, நாசிலை விருதுநகருக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாயிற்று. பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறதோ என்று நாலு சக்கரத்தையும் தூக்கிவைத்துச் சுற்றிப் பார்த்தார்கள், காற்றாடி மாதிரி சுற்றியது. நாலு சக்கர கியர் பாதியில் சிக்கியிருக்கும், முன் சாப்ட்டக் கழட்டிட்டு ஓட்டிப் பாருங்கப்பா என்றாய், அதையும் கழற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் செல்லச்சாமி தன் பட்டறையிலிருந்து சிவகாசி ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, குதிர மாதிரி போகுதுண்ணே என்பான். மறுநாள் லோடு ஏற்றினால் எருமை. ஆகவே லோடுதான் காரணம் என்று மூன்று பேருமே முடிவு கட்டிக்கொண்டீர்கள். நடுவில் ஒரு பெருமூச்சு வேறு வரும், பொன்மணி இருந்தா சத்தத்த வச்சே சொல்லிருப்பா என்று. அப்பா சொல்வார், செல்லச்சாமி ஆமாண்ணே என்பான், போனில் நீயும் ம் என்பாய். உன் ம் எனக்குக் கேட்டது.

போன சனிக்கிழமை நடந்ததை அப்பா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். பிரஸ்ஸில் அடுத்த வருஷத்துக் காலண்டர் மெய்ப்புப் பார்த்து முடித்து, நேரே பட்டறைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். செல்லச்சாமி வழக்கம்போல ஓட்டிப் பார்த்து, குதிர என்றான். அப்பாவும் நானும் ஏறிக் கிளம்பினோம், பின்னால் லோடு ஒன்றும் கிடையாது, என் சாப்பாட்டுப் பை மட்டும்தான். முதல் மேட்டிலேயே வண்டி இருமிக்கொண்டு நின்றது. அப்பா போன் போட்டுச் சொன்னதும் செல்லச்சாமி சிரித்துக்கொண்டே, நான் ஓட்டுனா போகுது, சின்ன மதினி ஏறுனா நிக்குது, வண்டிக்கு அவுகளப் பிடிக்கலண்ணே என்றான். உன் அப்பாவும் சிரித்தார். சிரித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, கோவிச்சுக்கிடாத, ஒரு பேச்சுக்குச் சொல்லுதான் என்றார். நான் கோபித்துக்கொள்ளவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். உன் அம்மாவை அவன் மதினி என்பான், என்னைச் சின்ன மதினி. வயதில் சின்னவள் என்பதால் அப்படிச் சொல்கிறான் என்று இத்தனை நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லியிருந்தேன்.

அன்று வீடு வந்து சேர்ந்ததும் அப்பா சாத்தூர் இருளாண்டிக்குப் போன் போட்டு, வெள்ளிக்கிழமை வந்து வண்டிய எடுத்துக்கிடுங்க என்று சொல்லிவிட்டார். இருளாண்டி பழைய வண்டியை வாங்கி ஓட்டுகிறவர் இல்லை, பிரித்து உதிரியாக விற்கிறவர். செழியனுக்கு இப்பச் சொல்ல வேண்டாம், அங்கன கெடந்து வருத்தப்படுவான் என்றார் அப்பா. அவர் சாப்பிடவில்லை. எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனில் வண்டி இருக்காது, வாசலில் அந்தப் பெயர் இருக்காது என்று நினைத்தேன். பிறகுதான் யோசித்தேன். வண்டி வாசலில் நின்றால் அது பழைய வண்டி, புகை விடும், எண்ணெய் ஒழுகும், எல்லோரும் திட்டவும் செய்வார்கள். போய்விட்டால் அதற்கு ஒரு குறையும் இருக்காது. அப்புறம் காலத்துக்கும், பொன்மணி இருந்திருந்தா வண்டி போயிருக்காது என்பார்கள், இரண்டாவதாக வந்தவள் ஏறினாள், வண்டி நின்றுபோனது என்பார்கள். போய்விட்ட ஒருவரோடு மல்லுக்கட்டுவதே எனக்கு முடியவில்லை, போய்விட்ட வண்டியோடும் என்னால் முடியாது.

மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு, இரண்டு பக்கத்தைப் பக்கத்தில் வைத்து இதில் இருப்பது அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்போம். செல்லச்சாமி ஓட்டிய வெறும் வண்டி போனது, அப்பா ஓட்டிய வெறும் வண்டி நின்றது. நடுவில் கூடியது நான் மட்டும்தானா? அப்போது என் சேலை நினைவுக்கு வந்தது. பட்டறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கரையில் கரி அப்பியிருந்தது. கரியை அப்பியது சைலன்சர் முனையில் மாட்டுகிற அரெஸ்டர். நம் பக்கம் பட்டாசுக் கம்பெனிக் கேட்டுக்குள் போகிற வண்டிக்கெல்லாம் இருக்குமே, பொறி வெளியே தெறிக்காமல் தடுக்க உள்ளே வலை வைத்த டப்பா, அதுதான். பின்சுவரில் இடித்து நசுங்கிவிடும் என்று பட்டறைக்குள் வருகிற வண்டியில் எல்லாம் செல்லச்சாமி முதல் வேலையாக அதைக் கழற்றி பெஞ்சடியில் போட்டுவிடுவான், வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் மறுபடி மாட்டுவான். அவன் ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் அது என் காலடியில் கிடந்திருக்கிறது. எங்களோடு வீட்டுக்கு வரும்போது வண்டியில் இருந்திருக்கிறது. கழற்றுவதும் மாட்டுவதும் செருப்பைக் கழற்றி மாட்டுவதுபோலப் பழகிவிட்டதால் அவனுக்கும் தோன்றவில்லை, அப்பாவுக்கும் தோன்றவில்லை. உனக்கு ஏன் தோன்றவில்லை என்று நான் கேட்க மாட்டேன். ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று காலையில் அதை முதன்முதலில் மாட்டியது நீதான். செழியன் மாட்டுனது என்று அப்பா பெருமையாகச் சொல்வாரே தவிர அதை ஒருநாளும் கழுவியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேசி முடித்து அப்பா வெளியே போனபிறகு நான் திருப்புளியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். உன் அம்மாவின் பெயர் என் முகத்துக்கு நேரே இருந்தது. கிளாம்பைத் தளர்த்தி டப்பாவை உருவி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், அந்தப் பக்கத்து வெளிச்சம் ஒரு ஊசி முனைகூடத் தெரியவில்லை. வலை முழுவதும் கரி, தார் ஊற்றி மூடியது மாதிரி. பாவம், இத்தனை நாளாக வாயைப் பொத்திக்கொண்டு மேடு ஏறச் சொல்லியிருக்கிறோம். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரால் தேய்த்து, கழுவி, காயவைத்து, மறுபடி வெயிலில் பிடித்தேன். வலையின் கட்டம் கட்டமாக வெளிச்சம் என் கையில் விழுந்தது. மாட்டி முடுக்கும்போது என் விரல் பட்டு அந்தப் பெயரின்மேல் கரி இழுவியது. அப்படியே விட்டிருக்கலாம். முந்தானையால் துடைத்துவிட்டேன், சேலைதான் ஏற்கெனவே கெட்டுப் போயிருந்ததே.

திங்கட்கிழமை அப்பா கடைசி லோடு என்று ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்தவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, இருபது வயது குறைந்துபோய் வந்தார். மேட்டுல மூணாவது கியர மாத்தவே இல்ல, அம்புட்டு லோடு, அப்படியே தூக்கிட்டுப் போயிருச்சு என்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவர் வண்டியின் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே, பொன்மணி மனசு வச்சிட்டா, வண்டியக் குடுக்க அவளுக்குச் சம்மதமில்ல என்றார். கண் கலங்கியிருந்தது. இருளாண்டியை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. எனக்கு வாங்கிவந்த மல்லிகையில் பாதியைக் கிள்ளி வண்டியின் முகப்பில் வைத்தார், மீதியை என்னிடம் கொடுத்தார். வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். நகத்துல என்ன கரி என்று கேட்டார், அச்சு மை என்றேன். நம்பிவிட்டார்.

அவரிடம் நான் சொல்லப் போவதில்லை. சொன்னால், பொன்மணியா இருந்தா அன்னைக்கே பாத்திருப்பா என்பார், அதைக் கேட்கிற தெம்பு எனக்கு இந்த மாதம் இல்லை. அந்தக் கலங்கிய கண்ணையும் எனக்குக் கெடுக்க மனமில்லை. ஆனால் ஒருத்தருக்காவது தெரிய வேண்டும், செழியா. மேடு ஏறவைத்தது உன் அம்மா இல்லை, நான். உனக்கும் எனக்கும் வயது வித்தியாசம் கொஞ்சம்தான், ஆசீர்வாதம் செய்கிற தகுதி வந்துவிட்டதா என்று எழுதும்போதெல்லாம் தயங்குவேன். இன்று தயக்கமில்லை, நன்றாக இரு, உடம்புக்கு ஒரு குறையும் வராமல் இரு. காதை மூடிக் குல்லா போட்டுக்கொள். காராச்சேவை சாலமன்ராஜிடம் முழுவதும் பறிகொடுத்துவிடாதே. அரெஸ்டரை மாதம் ஒருமுறை கழுவச் சொல்லி அப்பாவிடம் நீ சொன்னதாகவே சொல், நீ சொன்னால் செய்வார்.

இன்னும் ஒன்றே ஒன்று. இது கைக்குக் கிடைத்தபிறகு வருகிற ஞாயிறு கூப்பிடும்போது போனைச் சித்தியிடம் கொடுங்க என்று சொல். நல்லாருக்கீகளா, சாப்பிட்டீகளா எல்லாம் வேண்டாம், நல்லாத்தான் இருக்கிறேன், சாப்பிட்டும் இருப்பேன். வண்டி எப்படி இருக்கு என்று என்னிடம் கேள்.

உன் சித்தி,
பாண்டிச்செல்வி