நைனா அடைத்த கடன்

திருத்தணி,
வைகாசி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீயும் பாவாவும் குழந்தையும் நலமா? புனேவில் மழை தொடங்கிவிட்டதா? போனில் பேசலாம்தான். இந்த ஒற்றை அறையில் எதைப் பேசினாலும் நைனா காதில் விழும். அதனால் எழுதுகிறேன்.

ஸ்டேஷன் பக்கம் மணவாளன் சார் விற்கிற சின்ன வீட்டைப் பற்றிச் சொல்லியிருந்தேனே. அதை பேங்க் கடனில் வாங்கி வாடகைக்கு விட்டால், என் சம்பளத்தோடு சேர்த்துத் தவணையும் கட்டலாம், முட்டி வலியோடு நைனா கரும்பு வெட்டப் போவதையும் நிறுத்தலாம் என்று நினைத்திருந்தேன்.

நம் வீட்டில் யாரும் கடன் வாங்கியதில்லை என்று பேங்கில் பெருமையாகத்தான் சொன்னேன். மேனேஜர் சிரித்துவிட்டார். "கடனே வாங்காதவங்க திருப்பிக் கட்டுவாங்கன்னு எப்படிம்மா நம்பறது?" என்றார். சின்னக் கடன் ஒன்றை ஆறு மாதம் தவறாமல் கட்டினால், ஒழுங்காகக் கட்டுகிறவள் என்று ஸ்கோர் வரும், பிறகு வா என்றார். பொங்கலுக்குத் தவணையில் பிரிட்ஜ் வாங்கியது அதற்காகத்தான். அம்மா அதில் தண்ணீர் பாட்டிலும் எதிர்வீட்டுப் பாஞ்சாலி அக்காவின் மாவும் வைத்திருக்கிறாள். மணவாளன் சாரும் ஆடிக் கிருத்திகை வரை பொறுப்பதாகச் சொன்னார்.

நைனாவிடம் விளக்கிப் பார்த்தேன். "கடன் வாங்கினாதான் கடன் குடுப்பானா? இன்னா நாயம்மா இது?" என்று எழுந்து போய்விட்டார்.

போன வாரம் நான் குளிக்கும்போது, தவணையை நினைவூட்டும் போன் வந்திருக்கிறது. பதிவு செய்த குரல். அது தெரியாமல் நைனா எழுந்து நின்று, "கட்டிடுறோம் சார், பொண்ணு பேரை வெளிய சொல்லாதீங்க சார்" என்று கெஞ்சினாராம்.

மறுநாள் வேலை முடிந்து வந்தால், அம்மா காதில் கம்மல் இல்லை, வேப்பங்குச்சி. நைனா முகம் கொள்ளாத சிரிப்பு. "மொத்தத்தையும் அடச்சிட்டேம்மா. அடகு வெச்சா அதுவும் கடன்தானே, அதான் வித்துட்டேன். இனிமே எவனும் உன் பேரைச் சொல்லிக் கூப்புட மாட்டான்" என்றார். கடன் முடிந்த சீட்டை முருகன் படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறார்.

நாலு மாதத்திலேயே முடிந்துவிட்டதால் ஸ்கோர் வரவில்லை அக்கா. வேறு கடன் வாங்கி முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். அதற்குள் ஆடி போய்விடும். ரொக்கத்தோடு திருப்பதிக்காரர் ஒருவர் வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாராம். மணவாளன் சாரைக் குறை சொல்ல முடியாது.

இத்தனை நாள் அந்த பிரிட்ஜை நைனா தொட்டதே இல்லை. இப்போது கரும்புக் காட்டிலிருந்து வந்ததும் அவரே திறந்து, தண்ணீர் எடுத்துக் குடிக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் செய்து இதைத்தான் முதலில் சொல்வார். வீட்டைப் பற்றிக் கேட்காதே. நல்ல காரியம் செஞ்ச நைனா என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வாய் வரவில்லை.

முருகன் உங்கள் மூவரையும் குறையில்லாமல் வைக்கட்டும்.

உன் தங்கை,
அனுசுயா