"பேனே" என்று சொன்னீர்கள், அப்பா

அப்பா,

இன்று அலுவலகத்தில் யாரோ சியாகுல்லித் தோட்டங்களின் மண்டரின் தோடம்பழம் உரித்தார்கள். தோட்ட வேலை முடிந்து வரும்போது உங்கள் சட்டையில் இருந்த அதே மணம். கணினியை அப்படியே விட்டுவிட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

என் வேலை என்னவென்று ஒருநாள் கேட்டீர்கள். ஒரேத்தோ தெருவில் இருந்த எங்கள் வீட்டுச் சமையலறையில் மடிக்கணினியைத் திறந்து, நான் கட்டிய தரவுத்தளத்தில் ஒத்திகைக்கு வைத்திருந்த கற்பனை விவரங்களைக் காட்டினேன். புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் நோயாளிக்குப் பெயரில்லை, இலக்கம்தான். மருந்தின் அளவு ஓர் அட்டவணையில், இரத்தப் பரிசோதனை இன்னொன்றில், பக்கவிளைவு வேறொன்றில். இலக்கத்தைத் தட்டினால் எல்லாம் ஒன்றாக வரும். இந்த அளவு எடுக்கிற வேறு யாருக்கு இதே தொல்லை என்று கேட்டாலும் அது உடனே காட்டும்.

"ஆக்கள் உள்ளதைச் சொல்லாட்டி?"

"அப்ப இதுக்கும் தெரியாது, அப்பா."

சிரித்தீர்கள். அடுத்த வருடம் உங்களுக்கே புற்றுநோய் வந்தது. வழக்கமான மருந்துகள் எதற்கும் நோய் கேட்கவில்லை. நான் வேலை செய்யும் மருத்துவமனையிலேயே ஓர் ஆய்வில் சேர்ந்தீர்கள். மகள் என்பதால் என்னை அந்த ஆய்விலிருந்து விலக்கினார்கள். நானே கட்டிய தரவுத்தளம் எனக்குத் திறக்கவில்லை. அது முறைதான். ஆனாலும் அதன் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

எப்படி இருக்கிறீர்கள் என்று மருத்துவர் கேட்கும்போதெல்லாம், "பேனே, தொத்தோரே, பேனே," நலம் டொக்டர், நலம் என்றே சொல்லி வந்தீர்கள். ஆனால் அந்த மருந்து தொடங்கிய பிறகு, வீட்டில் சட்டைப் பொத்தானைப் பூட்ட உங்கள் விரல்களால் முடியவில்லை. பாதம் மரத்துப்போய், சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தீர்கள்.

"டொக்டரிட்டைச் சொல்லுங்கோ அப்பா. உங்கட காலிலை விழுறன்."

"சொன்னா மருந்தை நிப்பாட்டிப் போடுவினம், பிள்ளை. எனக்கு வேற என்ன கிடக்கு?"

பிறகு ஒருநாள் குளியலறையில் விழுந்தீர்கள். நெற்றி பிளந்து இரத்தம். அடுத்த முறை மருத்துவரிடம் நானும் கூட வந்தேன். நீங்கள் "பேனே" என்றதும், "இல்லை, அவர் உண்மையைச் சொல்லவில்லை" என்று இத்தாலிய மொழியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மருத்துவர் உங்கள் பாதத்தை ஊசியால் தொட்டுப் பார்த்தார். உங்களுக்குத் தெரியவில்லை. அன்றே மருந்தை நிறுத்தினார்கள்.

பஸ்ஸில் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னீர்கள்: "என்ர கடைசிக் கதவை நீயே சாத்திப் போட்டாய்."

அதற்குப் பிறகு தண்ணீர் கேட்க மட்டும்தான் என்னோடு கதைத்தீர்கள். அந்தக் கோபம் ஆறுவதற்குள் போய்விட்டீர்கள்.

நீங்கள் போய்ச் சில மாதங்களுக்குப் பிறகு அந்த ஆய்வு எனக்கு மறுபடி திறந்தது. உங்கள் பாதம் மரத்ததைப் பதிந்ததும், அதே அளவு எடுத்தவர்கள் எல்லாரையும் கூப்பிட்டுத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். உங்களைப் போலவே "பேனே" சொல்லி மறைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் அளவைக் குறைத்தார்கள். இப்போதும் அந்த மருந்தை எடுத்துக்கொண்டு நடமாடுகிறவர்கள் உண்டு, அப்பா. இதை உங்களுக்குச் சொல்ல வழியில்லாமல் தவிக்கிறேன்.

நிறுத்தாமல் இருந்திருந்தால், அந்த மருந்து இன்னும் கொஞ்சக் காலம் உங்களை உயிரோடு வைத்திருக்குமா? எத்தனை அட்டவணையை இணைத்துக் கேட்டாலும் அதற்குப் பதில் வராது. தெரிந்தும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

கடைசி நாட்களில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் முதுகைத் தடவிக்கொண்டிருப்பேன். ஒருமுறைகூட நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் என் கையைத் தட்டிவிடவும் இல்லை. என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.